பைபிள் கதைகளுக்கு வரலாற்று ஆதாரம் உண்டா? என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர்கள். மீதிப்பேர் கோயில், சர்ச் எதன் பக்கமும் போகாதவர்கள். இரண்டு தரப்பும் கேட்பது ஒரே கேள்விகளைத்தான், குரல்தான் வேறு. வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ வரும்போதெல்லாம் அதே விளக்கத்தைத் தட்டச்சு செய்து விரல் வலித்ததால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

1. பைபிள்ல இருக்கறதெல்லாம் நிஜமா நடந்ததா இல்லையா? சுத்தி வளைக்காம ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரி: கி.மு. 9-ம் நூற்றாண்டு முதல் வரும் ராஜாக்களுக்கு வெளிச்சாட்சி நிறைய உண்டு. அதற்கு முன்னால் போகப் போக மெலிந்து, மோசேயிடமும் ஆபிரகாமிடமும் வரும்போது நேரடிச் சாட்சி ஒன்றுகூட இல்லை.

பைபிளை ஒரு புத்தகமாக நினைக்காமல் ஓர் அலமாரியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அரசவைக் குறிப்பு, வம்ச அட்டவணை, பாட்டு, பழமொழி, தரிசனம், கடிதம் எல்லாம் அடுக்கியிருக்கிறது. அலமாரி முழுவதற்கும் சேர்த்து ஆதாரம் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த அதிகாரம், எந்தச் சம்பவம் என்று கேட்டால் பேசலாம்.

2. ஆதாரம் ஆதாரம்ங்கறீங்க. எதைத்தான் ஆதாரம்னு ஒத்துக்குவீங்க?

கோர்ட்டில் சாட்சியை எப்படி எடைபோடுகிறார்களோ அப்படித்தான். சம்பவம் நடந்த காலத்திலேயே வேறொருவர் எழுதிய கல்வெட்டோ களிமண் பலகையோ இருந்தால் அது முதல் தரம். அந்த வேறொருவர் எதிரியாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இவருக்குச் சாதகமாகப் பேச அவருக்குக் காரணமில்லை. அடுத்தது மண்ணடுக்கு: எரிந்த சாம்பல், சரிந்த மதில், பானை ஓடு, கரிந்த தானியம். பல நூறு வருடம் கழித்து எழுதப்பட்டதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அது பார்த்தவர் சாட்சி இல்லை, கேட்டவர் சாட்சி.

பொருள் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். அகழாய்வுக் குழியில் எல்லோர் கண் முன்னாலும் எடுத்ததா, பழம்பொருள் கடைக்காரரிடம் வாங்கியதா? இது 18-ம் கேள்வியில் திரும்ப வரும்.

3. பைபிளுக்கு வெளியில இஸ்ரவேல்ங்கற பேர் முதல்ல எங்க வருது?

எகிப்தில். மெர்நெப்தா என்ற பார்வோன் தன் வெற்றிகளைப் பொறித்த கருங்கல் பலகை ஒன்றை 1896-ல் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி லக்சருக்கு எதிர்க்கரையில் கண்டெடுத்தார். ஆள் உயரத்தைவிடப் பெரியது, மூன்று மீட்டருக்கும் மேல். காலம் கி.மு. 1208 வாக்கில். கல்லில் பெரும்பகுதி லிபியர்களோடு நடந்த சண்டை. கடைசி வரிகளில்தான் கானான் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) வருகிறது: அஸ்கலோன் பிடிபட்டது, கேசேர் பிடிபட்டது, இஸ்ரவேல் பாழானது, அதன் வித்து இல்லை.

அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எகிப்திய எழுத்தில் ஒரு பெயருக்குப் பின்னால் அது ஊரா, நாடா, ஆட்களா என்று காட்ட ஒரு குறி போடுவார்கள். அஸ்கலோனுக்கும் கேசேருக்கும் நாடு, நகரத்துக்கான குறி. இஸ்ரவேலுக்கு மட்டும் ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கும் குறி, அதாவது மக்கள் கூட்டம். அந்தக் காலத்தில் கானானில் இஸ்ரவேல் என்ற பெயரில் ஒரு கூட்டம் இருந்தது. தனக்கென்று நகரமோ ராஜ்யமோ இருந்ததாகப் பார்வோனின் எழுத்தருக்குத் தெரியவில்லை. "வித்து இல்லை" என்று எழுதியது எவ்வளவு பொய் என்பது நமக்குத் தெரியும். ராஜாக்களின் கல்வெட்டைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. தாவீது ராஜாவே கற்பனைன்னு எங்க காலேஜ் சார் சொன்னாரே?

உங்கள் சார் படித்த புத்தகம் 1993-க்கு முந்தியதாக இருக்கும். அந்த வருடம் வடக்கு இஸ்ரேலில் தெல் தாண் என்ற மேட்டில், பழைய சுவர் ஒன்றில் சாதாரணக் கல்லாக வைத்துக் கட்டியிருந்த ஒரு கருங்கல் துண்டில் எழுத்து இருப்பது தெரியவந்தது. அவ்ராஹாம் பிரான் தலைமையிலான குழுவின் அகழாய்வு அது. மறுவருடம் இன்னும் இரண்டு துண்டுகள். அரமேய மொழி, கி.மு. 9-ம் நூற்றாண்டு. இஸ்ரவேலின் ராஜாவையும், "தாவீதின் வீட்டைச்" சேர்ந்த ராஜாவையும் கொன்றதாக ஒரு சீரிய ராஜா பெருமையடிக்கிறார். தமஸ்குவின் ஆசகேலாக இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் கருத்து.

இதில் இரண்டு விஷயம். தாவீது இறந்து நூற்றைம்பது வருடத்துக்குள், எதிரி நாட்டார் தெற்கு ராஜ்யமான யூதாவின் அரச குடும்பத்தை அவர் பெயரால் அழைத்திருக்கிறார்கள். இல்லாத ஆள் பெயரில் ஒரு வம்சத்தை எதிரி அழைப்பது கஷ்டம். இரண்டாவது, கல்லில் பெயர்கள் சிதைந்திருந்தாலும் கொல்லப்பட்டவர்கள் இஸ்ரவேலின் யோராமும் யூதாவின் அகசியாவும்தான் என்று படிக்கிறார்கள். 2 இராஜாக்கள் 9-ம் அதிகாரத்தில் இந்த இருவரையும் கொன்றது யோராமின் படைத்தலைவனான யெகூ. கல் ஒருவரைச் சொல்கிறது, வேதம் வேறொருவரைச் சொல்கிறது. தாவீதுக்காக இந்தக் கல்லைக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கோலியாத்தைப் பற்றியோ தாவீதின் ராஜ்யம் எவ்வளவு பெரியது என்பதைப் பற்றியோ இதில் ஒன்றும் இல்லை.

5. சாலொமோன் கட்டின ஆலயத்துல ஒரு செங்கல்லாவது கிடைச்சிருக்கா?

இல்லை. எருசலேமில் ஆலயம் இருந்ததாகக் கருதப்படும் மேட்டில் இன்று அல் அக்சா மசூதியும் பாறைக் குவிமாடமும் இருக்கின்றன. அங்கே முறையான அகழாய்வு நடந்ததே இல்லை. அதனால் கிடைக்கவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சீரியாவில் ஐன் தாரா என்ற இடத்தில் இருந்த பழைய கோயிலின் அமைப்பு வேதத்தில் சொல்லும் வரைபடத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. அந்தக் காலத்துக் கோயில்கள் அப்படித்தான் இருந்தன என்பது வரை சொல்லலாம்.

சண்டை நடப்பது வாசல்களை வைத்து. 1 இராஜாக்கள் 9-ல் சாலொமோன் ஆத்சோர், மெகிதோ, கேசேர் நகரங்களைக் கட்டியதாக வருகிறது. மூன்று இடத்திலும் ஒரே மாதிரி ஆறு அறைகள் கொண்ட கோட்டை வாசல் கிடைத்தது. சாலொமோன் கட்டியதுதான் என்றார் தொல்லியலாளர் யிகேல் யாதின். அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தது, வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலை ஆண்ட ஆகாப் வீட்டார் கட்டியது என்றார் இன்னொரு தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைன். பானை ஓடுகளின் வயதை வைத்து நடக்கும் வழக்கு. வித்தியாசம் ஏறக்குறைய எழுபது, எண்பது வருடம்தான். இன்னும் தீரவில்லை.

6. சாலொமோனுக்கு மயில் நம்ம ஊர்ல இருந்துதான் போச்சாமே? உவரிதான் ஓப்பீர்ங்கறாங்களே?

இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை. 1 இராஜாக்கள் 10:22-ல் கப்பல்கள் கொண்டுவரும் சரக்கில் "துக்கியீம்" என்ற எபிரெயச் சொல் வருகிறது. நம் வேதாகமத்தில் அது மயில்கள். இது தமிழ்த் "தோகை"யிலிருந்து போனது என்பதைத் திருநெல்வேலி இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் எடுத்துச் சொன்னார். நல்ல யூகம், இன்றும் மதிக்கப்படுவது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒருவகைக் குரங்கு என்று பொருள் சொல்வோரும் உண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை. செதுக்கிய கற்கள்தான் இருக்கின்றன.

சாலொமோனுக்குப் பொன் வந்த இடமாக வேதம் சொல்லும் ஓப்பீர் எங்கே என்று தெரியாது. அப்படி ஒரு பெயர் வழக்கில் இருந்தது உறுதி: தெல் அவீவ் அருகே தெல் கசீலேயில் கிடைத்த பானை ஓட்டில் "ஓப்பீர் பொன், பெத்தொரோனுக்கு, 30 சேக்கல்" என்று கணக்கு எழுதியிருக்கிறது. உவரி என்பது ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத ஆசை. நம் கரைக்கும் அந்தப் பக்கத்துக்கும் சரக்குப் போனது மட்டும் பொய்யில்லை. கி.மு. 1213-ல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் உடலைப் பதப்படுத்தியபோது மூக்குத் துவாரத்தில் மிளகு வைத்திருக்கிறார்கள். மிளகு அன்றைக்குத் தென்னிந்தியாவின் மேற்கு மலைகளில் விளைந்தது.

7. இஸ்ரவேல் ராஜாக்களைப் பத்தி எதிரிகள் எழுதி வெச்சிருக்காங்களா?

நிறைய. அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் குர்க் கல்வெட்டு, கி.மு. 853-ல் கார்கார் என்ற இடத்தில் தன்னை எதிர்த்த கூட்டணியில் "இஸ்ரவேலனாகிய ஆகாப்" 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. வேதத்தில் இந்தப் போர் ஒரு வரிகூட இல்லை. ஆகாபின் மனைவி யேசபேலும், அவர்கள் பறித்துக்கொண்ட நாபோத்தின் திராட்சத் தோட்டமும்தான் அதை எழுதியவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கின்றன.

அதே சல்மனாசாரின் கருங்கல் தூண் 1846-ல் நிம்ரூதில் லேயார்டு தோண்டியபோது கிடைத்தது. அதில் ஒருவர் நெற்றி தரையில் படக் குப்புற விழுந்து கும்பிடுகிறார். மேலே எழுத்து: உம்ரியின் மகன் யெகூவின் காணிக்கை. ஆகாபின் தகப்பனான உம்ரியின் வம்சத்தையே வேரறுத்த யெகூவை அசீரிய எழுத்தர் உம்ரியின் மகனாக்கிவிட்டார். அவருக்கு அந்த நாடே "உம்ரி வீடு"தான்.

மூன்றாவது மோவாபிய ராஜா மேசாவின் கல். 1868-ல் இன்றைய யோர்தானில் திபானில் க்ளைன் என்ற மிஷனரி பார்த்தார். விலைபேசும் தகராறில் உள்ளூர்க்காரர்கள் அதை நெருப்பில் காய்ச்சித் தண்ணீர் ஊற்றி உடைத்துவிட்டார்கள். முன்பே ஈரக் காகிதத்தில் ஒற்றியெடுத்த பிரதி இருந்ததால் 34 வரிகளையும் ஒட்டுப்போட்டுப் படிக்க முடிந்தது. 2 இராஜாக்கள் 3-ல் வரும் அதே மேசா, இஸ்ரவேலுக்கு அடங்கியிருந்து கலகம் செய்த அதே கதை, மோவாபின் பக்கத்திலிருந்து. உம்ரி மோவாபை ஒடுக்கியதற்குக் காரணம், தங்கள் தெய்வம் காமோஸ் தன் தேசத்தின் மேல் கோபமாயிருந்தது என்கிறார் மேசா. தெய்வத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அப்படியே இராஜாக்களின் புத்தக நடை.

8. ஒரே சம்பவத்தை ரெண்டு பக்கமும் எழுதினது ஏதாவது உண்டா?

எனக்குப் பிடித்த கேள்வி. கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்தார். எருசலேமில் எசேக்கியா ராஜா. வேதத்தில் 2 இராஜாக்கள் 18, 19. அசீரியர் பக்கம், அவர்கள் தலைநகர் நினிவேயில் கிடைத்த ஆறுபக்கக் களிமண் பட்டகம். அதில் சனகெரிப் சொல்கிறார்: 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியேற்றினேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்தேன். கப்பம் 30 தாலந்து (அந்தக் கால எடை அளவு) பொன், 800 தாலந்து வெள்ளி. வேதத்திலும் பொன் 30 தாலந்துதான். வெள்ளி மட்டும் 300. வாங்கியவர் கணக்குக்கும் கொடுத்தவர் கணக்குக்கும் இடைவெளி வருவது இன்றைக்கும் உள்ளதுதானே.

மூன்றாவது சாட்சி படம். சனகெரிப்பின் அரண்மனைச் சுவரில் லாகீஸ் நகரம் விழுந்ததை அறை முழுக்கச் செதுக்கிவைத்திருந்தார்கள். மதிலை இடிக்கும் பொறிமீது மேலேயிருந்து தீப்பந்தம் வீசுகிறார்கள்; பொறிக்குள் இருக்கும் அசீரியன் நீளமான அகப்பையால் தண்ணீர் மொண்டு ஊற்றி அணைக்கிறான். வாசல் வழியாக ஜனம் வெளியேறுகிறது. மாட்டு வண்டியில் மூட்டைகள், மூட்டைகள்மேல் பெண்களும் பிள்ளைகளும். சிலரை உயிரோடு தோலுரிக்கிறார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்து சனகெரிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான்காவது, லாகீஸ் மேடே. படத்தில் இருக்கும் அதே முற்றுகைச் சரிவு அங்கே கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. டேவிட் உசிஷ்கின் குழு அதைத் தோண்டியபோது இரும்பு அம்பு முனைகள், கவண் கற்கள், பொறியை மாட்டி இழுக்கப் போட்டதாகத் தோன்றும் இரும்புச் சங்கிலி எல்லாம் கிடைத்தன. ஒரே சம்பவத்துக்கு இரு தரப்பு எழுத்து, ஒரு படம், ஒரு மண்மேடு. பழைய ஏற்பாட்டில் இப்படி நான்கும் கூடிவரும் இடம் வேறில்லை.

9. அப்போ தூதன் ஒரே ராத்திரியில 1,85,000 பேரை சங்காரம் பண்ணினதும் உண்மைதானே?

அங்கே சாட்சிகள் பிரிகிறார்கள். சனகெரிப் அப்படி ஒன்றும் எழுதவில்லை; எழுதவும் மாட்டார் (மெர்நெப்தாவை நினைத்துக்கொள்ளுங்கள்). ஆனால் அவருடைய பட்டகத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது: 46 பட்டணங்களைப் பிடித்தேன் என்றவர் எருசலேமைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. அரண்மனைச் சுவரில் செதுக்கியதும் தலைநகரை அல்ல, லாகீஸைத்தான். நகரம் விழவில்லை என்பதில் இரு தரப்புக்கும் மறைமுக உடன்பாடு.

ஏன் விழவில்லை? கப்பம் கட்டியதால் என்று சொல்ல அசீரிய எழுத்தே போதும். படையில் கொள்ளைநோய் வந்திருக்கலாம் என்பது ஒரு யூகம். இரண்டரை நூற்றாண்டு கழித்து கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், சனகெரிப்பின் படை எகிப்தின் எல்லையில் இருந்தபோது எலிகள் வில் நாண்களைக் கடித்துப்போட்டதாக எகிப்தில் கேட்ட கதையை எழுதுகிறார். சனகெரிப்புக்கு ஏதோ அவமானம் நடந்த நினைவு பல ஊர்களில் இருந்தது போலிருக்கிறது. தூதன் வந்தாரா என்பதற்கு அகழாய்வில் விடை கிடைக்காது. 19-ம் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்குக் கிடைக்கும்: சனகெரிப் கி.மு. 681-ல் மகன் கையால் கொல்லப்பட்டதை பாபிலோனிய நாளேடும் சொல்கிறது.

10. எசேக்கியா வெட்டின சுரங்கம்னு காட்டறாங்களே, அதுல அவர் பேர் இருக்கா?

இல்லை. 533 மீட்டர் நீளம், பாம்புபோல் வளைந்து போகிறது, கீகோன் ஊற்றுத் தண்ணீரை எருசலேம் மதிலுக்குள் கொண்டுவருகிறது. 1880-ல் குளிக்கப்போன ஒரு பையன் சுவரில் எழுத்தைப் பார்த்தான். ராஜா பெயரோ தெய்வப் பெயரோ கிடையாது. இரண்டு முனையிலிருந்தும் வெட்டிவந்த இரண்டு குழுவினர், இடையில் மூன்று முழம் பாறை மிச்சமிருக்கும்போது ஒருவர் கூப்பிடும் குரல் மற்றவருக்குக் கேட்டதாகவும், கோடரிக்கு எதிரே கோடரியாக வெட்டிச் சந்தித்ததாகவும், தண்ணீர் 1,200 முழம் ஓடியதாகவும் எழுதியிருக்கிறது. ராஜாவின் எழுத்தர் எழுதியதாகத் தோன்றவில்லை; வேலை முடித்த கொத்தர்களின் சந்தோஷம் அது.

எழுத்தின் வடிவமும், சுரங்கப் பூச்சில் இருந்த தாவரத் துணுக்குகளை வைத்து 2003-ல் வெளியான தேதியும் கி.மு. 700-ஐ ஒட்டியே வருகின்றன. 2 இராஜாக்கள் 20:20 எசேக்கியா தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. கையெழுத்து இல்லை, ஆனால் சந்தர்ப்ப சாட்சி பலமானது.

11. பாபிலோன் சிறையிருப்பு?

இதில் சந்தேகப்படுகிறவர் யாரும் இல்லை. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, தனக்குப் பிடித்த ராஜாவை வைத்ததை பாபிலோனிய நாளேடு சொல்கிறது. நமது கணக்கில் கி.மு. 597 மார்ச் 16. ஆலயத்தை எரித்த அடுத்த படையெடுப்பின் வருடங்களுக்கான நாளேடு கிடைக்கவில்லை. அந்த இடத்தை எருசலேமின் எரிந்த அடுக்குகளும் அம்பு முனைகளும் நிரப்புகின்றன.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ரேஷன் சீட்டு. பாபிலோன் அரண்மனையின் அடித்தளத்தில் கிடைத்த களிமண் பலகைகளில் யாருக்கு எவ்வளவு எண்ணெய் என்ற கணக்கு இருந்தது. 1939-ல் வைட்னர் வெளியிட்டார். யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கு எண்ணெய், அவருடைய ஐந்து மகன்களுக்கு எண்ணெய். 2 இராஜாக்கள் அந்த ராஜாவுக்குத் தினமும் படி அளக்கப்பட்டதாகச் சொல்லித்தான் முடிகிறது. (சிறைவாசிகளைத் திருப்பி அனுப்பிய பாரசீக ராஜா கோரேசின் களிமண் உருளையையும் இதோடு சேர்த்துக் காட்டுவார்கள். அதில் யூதர் பெயரே இல்லை. பல ஊர்த் தெய்வங்களையும் மக்களையும் திருப்பி அனுப்பியதாகப் பொதுவாக இருக்கிறது. எஸ்றா சொல்வதற்குப் பொருந்தும், நிரூபிக்காது.)

12. தானியேல்ல வர்ற பெல்ஷாத்சார்னு ஒரு ராஜாவே கிடையாதுன்னாங்க, அப்புறம் பேர் கிடைச்சிடுச்சாமே?

பாதி வெற்றி. கிரேக்க ஆசிரியர்களின் பட்டியல்களில் பாபிலோனின் கடைசி ராஜா நபோனிதுஸ்தான். பெல்ஷாத்சார் தானியேல் புத்தகத்தின் கற்பனை என்றார்கள். 1854-ல் இன்றைய ஈராக்கில் 'ஊர்' என்ற பழைய நகரத்தில் கிடைத்த களிமண் உருளைகளில் நபோனிதுஸ் தன் மூத்த மகன் பெல்ஷாத்சாருக்காக வேண்டுகிறார். தகப்பன் பல வருடம் அரேபியாவின் தேமாவில் போய் உட்கார்ந்திருக்க, மகன்தான் ஆட்சியைக் கவனித்தார்.

மீதிப் பாதி: தானியேல் அவரை நேபுகாத்நேச்சாரின் மகன் என்கிறது, அவர் நபோனிதுஸின் மகன். தானியேல் அவரை ராஜா என்கிறது, பாபிலோனிய ஏடுகள் ராஜகுமாரன் என்பதோடு நிறுத்துகின்றன. அதே புத்தகம் சொல்லும் மேதியனாகிய தரியுவுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

13. மோசே, பத்து வாதை, செங்கடல்: எகிப்துல ஒரு வரி கூடவா இல்ல?

ஒரு வரி கூட இல்லை. தோற்றதை எழுதமாட்டார்கள் என்பது நியாயமான பதில், ஆனால் அது மட்டும் போதாது. யாத்திராகமம் 12:37 ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் என்கிறது. குடும்பத்தோடு இருபது லட்சத்துக்கு மேல். அன்றைய எகிப்தின் ஜனத்தொகையே சில பத்து லட்சங்கள்தான். அத்தனை பேர் 40 வருடம் சீனாயில் திரிந்தால் பானை ஓடாவது மிஞ்ச வேண்டும். நெடுங்காலம் தங்கியதாகச் சொல்லும் காதேஸ் பர்னேயாவில் அந்தக் காலத்து அடுக்கே இல்லை. போய்ச் சேர்ந்த கானானும் அப்போது எகிப்தின் பிடியில்தான் இருந்தது.

பின்னணிக்கு மட்டும் சாட்சி உண்டு. நைல் கழிமுகத்தில் கானானியர் குடியிருந்ததை தெல் எல் தாபாவில் தோண்டிக் காட்டியிருக்கிறார்கள். ரெக்மிரே என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் அந்நியக் கைதிகள் மண் குழைத்துச் செங்கல் அறுக்கிறார்கள். ராமசேஸ் என்ற நகரம் இருந்தது. மோசே, பினெகாஸ் இரண்டும் எகிப்தியப் பெயர்கள். சிறு கூட்டம் ஒன்று தப்பிவந்து, அதன் நினைவு முழு ஜனத்தின் நினைவாக வளர்ந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது; நிரூபிக்க முடியாது.

14. செங்கடலுக்கு அடியில ரதச் சக்கரம் எடுத்த வீடியோ அனுப்பினேனே, பாத்தீங்களா?

பார்த்தேன், பலமுறை. ஓர் அமெரிக்க ஆர்வலர் பல வருடங்களுக்கு முன் கிளப்பியது. வட்டமாக வளர்ந்த பவளப் பாறைப் படங்கள் இருக்கின்றன. அகழாய்வு அறிக்கை, தேதியிட்ட மரத்துண்டு எதுவும் இல்லை. 2014-ல் கேலிச் செய்தி எழுதும் ஒரு தளம் பார்வோன் படையின் எலும்புகளே கிடைத்ததாகக் கதைகட்டியது. அதுவும் "ஆமென்" போட்டு இன்றுவரை சுற்றுகிறது.

15. எரிகோ மதில் விழுந்ததைத் தோண்டி எடுத்துட்டாங்கன்னு பிரசங்கத்துல கேட்டேன்.

பிரசங்கியார் பாதிக் கதையில் நிறுத்திவிட்டார். 1930-களில் ஜான் கார்ஸ்டாங் விழுந்த மதிலைக் கண்டு, மோசேக்குப் பின் இஸ்ரவேலரை நடத்திய யோசுவாவின் காலத்தது என்று அறிவித்தார். 1952 முதல் 1958 வரை கேத்லீன் கெனியன் இன்னும் கவனமாக அடுக்கடுக்காகத் தோண்டினார். எரிந்த நகரம் கி.மு. 1550 வாக்கில் அழிந்தது. யோசுவாவுக்குச் சொல்லப்படும் காலத்தில் அங்கே மதிலுள்ள நகரமே இல்லை. கரிந்த தானியத்தின் கார்பன் தேதியும் கெனியன் பக்கம்தான் நின்றது. அடுத்ததாக யோசுவா பிடித்த ஆயி நிலைமை இன்னும் மோசம்: எத்-தெல் மேடுதான் ஆயி என்றால், அது அதற்கு ஆயிரம் வருடம் முன்பே பாழாகிக் கிடந்தது.

ஆத்சோர் மட்டும் வேறு. கி.மு. 13-ம் நூற்றாண்டில் அது கடுமையாக எரிந்திருக்கிறது, தெய்வச் சிலைகளின் தலைகளை வெட்டியிருக்கிறார்கள். மேட்டின்மேல் இருந்த பட்டணங்களில் ஆத்சோரை மாத்திரம் சுட்டெரித்ததாக யோசுவா 11-ம் சொல்கிறது. யார் எரித்தது என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

16. பிலேயாமோட கழுதை பேசினதுக்கும் ஆதாரம் இருக்குன்னு சொல்லிடாதீங்க!

கழுதைக்கு இல்லை, பிலேயாமுக்கு உண்டு. 1967-ல் யோர்தானின் தேய்ர் அல்லாவில், சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணப்பூச்சில் "பேயோரின் குமாரன் பிலேயாம், தேவர்களைக் காண்கிறவன்" என்று ஆரம்பிக்கும் கதை கிடைத்தது. கி.மு. 800 வாக்கில் எழுதியது. அந்தப் பக்கத்தில் அவர் பேர்போன தீர்க்கதரிசி என்பது தெரிகிறது. மோசே காலத்தில் வாழ்ந்தாரா என்பது தெரியவில்லை.

17. நோவா வெள்ளம் பாபிலோன் கதையில இருந்து எடுத்ததுதானே? ஆபிரகாமோட 'ஊர்' தமிழ்ச் சொல்தானே?

இரண்டு கேள்வியையும் ஒருவரே ஒரே மூச்சில் கேட்டார். 1872-ல் ஜார்ஜ் ஸ்மித் பிரிட்டிஷ் மியூசியத்தில் நினிவேப் பலகை ஒன்றை வாசிக்கும்போது, மலையில் தட்டிய பேழையும் திறந்துவிட்ட புறாவும் வந்தன. அது கில்காமேஷ் என்ற பாபிலோனியக் காவியத்தின் 11-ம் பலகை. புறா, தகைவிலான், காகம் என்ற வரிசை. ஆதியாகமத்தில் காகம் முதலில், பிறகு புறா. இவ்வளவு நெருங்கிய ஒற்றுமை தற்செயலாக வராது, பாபிலோனிய வடிவங்கள் பழையவை. உலகம் முழுவதும் மூழ்கியதற்கு மண்ணில் தடயம் இல்லை. 'ஊர்' நகரத்தில் தொல்லியலாளர் உல்லி கண்ட வண்டல் அடுக்கு ஆற்று வெள்ளம். பக்கத்து எரிதுவில் அது இல்லை.

'ஊர்' என்பதன் சுமேரியப் பெயர் உரிம். நம் ஊரோடு ஒலிதான் ஒற்றுமை. அதைவிட நல்ல கேள்வி, "கல்தேயருடைய ஊர்" என்று ஏன் எழுதினார்கள் என்பது. கல்தேயர் அங்கே வந்தது ஆபிரகாமுக்குச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து. கதையை எழுதியவர் தன் கால முகவரியைப் போட்டிருக்கிறார். மெட்ராஸ் காலத்துப் பழைய கதையில் சென்னை என்று எழுதுவதைப் போல.

18. யாக்கோபோட எலும்புப் பெட்டி, சவக்கடல் சுருள் துண்டு... எது அசல், எது போலின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

2-ம் கேள்வியின் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1947 முதல் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்கள் அசல். அதில் முழு ஏசாயாச் சுருள் கி.மு. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுவரை நம்மிடம் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஆயிரம் வருடம் மூத்தது. எழுத்துக்கூட்டல் வித்தியாசங்கள் ஏராளம், ஆனாலும் அதே ஏசாயாதான். "பின்னால் மாற்றி எழுதிவிட்டார்கள்" என்பவர்களுக்கு இது பாதிப் பதில். எரேமியாவுக்கோ அங்கேயே குட்டையான இன்னொரு வடிவத்தின் துண்டும் கிடைத்தது. அது மீதிப் பாதி.

கும்ரான் சுருள்களுக்குப் பிறகு சந்தையில் வந்த துண்டுகள் வேறு கதை. வாஷிங்டனில் உள்ள பைபிள் மியூசியம் வாங்கிய 16 துண்டுகளும் போலி என்று 2020-ல் அவர்கள் நியமித்த நிபுணர்களே அறிவித்தார்கள். 2002-ல் பரபரப்பான "இயேசுவின் சகோதரன் யாக்கோபு" பெட்டியும் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்ததுதான். அவர்மேல் போட்ட மோசடி வழக்கு 2012-ல் நிரூபணமாகவில்லை. அதனால் எழுத்து அசல் என்று ஆகாது என்று நீதிபதியே சொல்லிவிட்டார்.

19. புதிய ஏற்பாட்டை விட்டுட்டீங்களே! இயேசு பிறந்தப்போ குடிமதிப்பு நடந்ததா?

இங்கே லூக்கா சிக்கலில் இருக்கிறார். ஏரோது ராஜாவின் காலத்தில் பிறப்பு என்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4. சிரேனியு சீரியாவில் அதிகாரியாக இருந்தபோது குடிமதிப்பு என்கிறார். அது நடந்தது கி.பி. 6. சமாதானம் சொல்லப் பல முயற்சிகள் உண்டு, ஒன்றும் எனக்குத் திருப்தியாக இல்லை.

மற்ற இடங்களில் கால் உறுதியாக இருக்கிறது. 1961-ல் செசரியா அரங்கில் படிக்கட்டாகப் போட்டிருந்த கல்லில், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன ரோம அதிகாரி பிலாத்துவின் பெயர் கிடைத்தது. அதில் அவர் பதவி பிரிஃபெக்ட். ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் வேறு பதவிப்பெயர் சொல்கிறார். கல் அவரைத் திருத்திவிட்டது. 1968-ல் எருசலேமில் யெகோகானான் என்ற ஆளின் குதிகால் எலும்பு, ஆணி இறங்கியபடியே கிடைத்தது. ஆணி நுனி வளைந்திருந்ததால் பிடுங்க முடியாமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள். சிலுவையில் அறையப்பட்டவரைக் குடும்பத்தார் எடுத்து அடக்கம் செய்வது நடக்கக்கூடியதே என்று அது காட்டுகிறது.

20. இதையெல்லாம் நேர்ல எங்க பாக்கலாம்?

மெர்நெப்தா கெய்ரோவில். மேசா பாரிஸ் லூவரில். லாகீஸ் படங்கள், சனகெரிப் பட்டகம், யெகூ கும்பிடும் தூண், கில்காமேஷ் பலகை எல்லாம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். நுழைவுக் கட்டணம் கிடையாது. தெல் தாண் கல்லும் பிலாத்து கல்லும் எருசலேமின் இஸ்ரேல் மியூசியத்துக்குச் சொந்தம். சுரங்கத்தில் இருந்த எழுத்தை துருக்கியர் ஆட்சியில் பெயர்த்துக் கொண்டுபோனதால் அது இஸ்தான்புல்லில்.

சுரங்கம் அங்கேயே இருக்கிறது. புனிதப் பயணக் குழுவோடு போகிறவர்கள் கேட்டால் கூட்டிப்போவார்கள். மாற்றுச் செருப்பும் டார்ச்சும் வேண்டும், சில இடங்களில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே வரும், பலமுறை குனிய வேண்டும். நடுவழிக்குக் கிட்டே போனதும் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பாருங்கள். அதுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவந்த உளித் தடங்கள் அங்கே எதிர்ப்பக்கமாகத் திரும்பும்.